ஏழாம் நம்பர் வாசல்

மூங்கிலடித் தோட்டத்து மேல் பிரிவில் மழை சொல்லிவிட்டுத்தான் வரும். வத்தேகமப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி, முதலில் கோயில் கூரையை விழுங்கும். பிறகு பிள்ளைக் காம்பராவின் தகரத்தில் யாரோ கல் எறிந்ததுபோல் பத்துத் துளி விழும். அந்தப் பத்துத் துளிக்குள் பரிமளம் டீச்சர் பதினொரு பிள்ளைகளையும் ஒரே மூலைக்குத் தள்ளிவிடுவாள். மற்ற மூன்று மூலையும் ஒழுகும்.

போன டிசம்பர் மழையில் நாலாவது மூலையும் ஒழுகியது. எண் அட்டை அந்த மூலையில்தான் தொங்கியது. கண்டியில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனபோது கொடுத்த அட்டை. ஒன்றுக்கு ஓர் ஒட்டகம், இரண்டுக்கு இரண்டு அன்னாசி, ஏழுக்கு ஏழு கப்பல். மேல் பிரிவில் ஒட்டகத்தையோ கப்பலையோ பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் ஆறு வருடமாகப் பிள்ளைகள் அதைப் பார்த்து மரியாதையாக எண் படித்தார்கள். அந்த மழையில் ஏழு கப்பலும் கரைந்துபோயின. கப்பல் தண்ணீரில் போவது இயல்பு. ஒட்டகமும் போனதுதான் டீச்சருக்கு வருத்தம்.

புது அட்டை கேட்டுத் தோட்ட ஆபீசுக்கு எழுதினாள். ஆபீசிலிருந்து பதில் வந்தது. அட்டை கேட்ட கடிதம் கிடைத்தது என்று அதில் எழுதியிருந்தது.

பிள்ளைக் காம்பரா என்பது தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். ஒரு பாதியில் ஆறு தொட்டில், மறு பாதியில் முன்பள்ளி. நடுவில் சுவர் கிடையாது, ஒரு பழைய சேலை தொங்கும். சேலைக்கு அந்தப் பக்கம் அங்கம்மாவின் ஆட்சி. அங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஆறு குழந்தைகளில் எது பசிக்கு அழுகிறது, எது கோபத்துக்கு அழுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். சேலைக்கு இந்தப் பக்கம் பரிமளம். வயது நாற்பத்தொன்பது. கலகெதரயில் சில்லறைக் கடை வைத்திருந்தவரின் மகள். தோட்டத்து லொறி ஓட்டிய செல்லப்பாவைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தவள். செல்லப்பா நாலு வருடத்துக்கு முன், லொறியைச் சரியாக ஓரத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி செத்துப்போனார். நிதானமான மனிதர்.

அட்டை இல்லாத வகுப்பில் என்ன செய்வது? பிள்ளை தன் சூழலிலிருந்து கற்க வேண்டும் என்று பயிற்சியில் ஒருவர் மூன்று நாள் பேசியது பரிமளத்துக்கு நினைவு வந்தது. வெளியே எட்டிப் பார்த்தாள். சூழல் என்று அங்கே இருந்தது பத்துக் காம்பரா லயம் ஒன்றுதான். ஒரே வரிசை வீடுகள், பத்துக் கதவு, கதவுக்கு ஒரு குடும்பம். எப்போதோ வெள்ளையடித்த காலத்தில் ஒவ்வொரு கதவிலும் ஒன்று முதல் பத்து வரை ஆபீஸ் ஆள் தாரால் நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஒட்டகத்தை விட இது வசதி.

ஒரு வாரத்துக்கு ஒரு கதவு என்று வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை பதினொரு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த வாரத்துக் கதவுக்குப் போவார்கள். தார் எழுத்தின் மேல் விரலை வைத்து ஓட்டுவார்கள். கதவுக்கு முன்னாலேயே குந்தியிருந்து, தட்டில் பரப்பிய கழிவுத் தேயிலைத் தூளில் அதே உருவத்தை எழுதுவார்கள். தட்டைக் குலுக்கினால் அழியும், மறுபடி எழுதலாம். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை கொப்பியில்.

முறை நன்றாகவே வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே என்றும் சொல்லலாம். மூன்றாம் வீட்டுக் காளிமுத்து நாள் முழுக்க இருமுவார் என்பதால் பிள்ளைகள் மூன்று எழுதும்போது இருமினார்கள். ஐந்தாம் வீட்டில் நாய். ஐந்து எழுதும்போது குரைத்தார்கள். "அது வேற, இது வேற" என்று டீச்சர் விளக்கினாள். அவர்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டு மரியாதையாகக் குரைத்தார்கள்.

ஏழாம் வாரம் அவள் ஊரில் இல்லை.

வத்தளையில் மகள் இராஜகுமாரிக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள். ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போனாள். போகுமுன் அங்கம்மாவிடம், "திங்கக்கிழமை மட்டும் பிள்ளைங்கள ஏழாம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்த் தூள்ல எழுத வைங்க. மத்த நாளு கதை சொல்லிட்டு இருங்க" என்று சொல்லியிருந்தாள்.

வத்தளையில் வீடு நல்ல வீடு. தரையில் மாபிள், மேலே காற்றாடி. மகளுக்கும் மருமகனுக்கும் ஓர் அறை, இவளுக்கு ஹோலில் ஒரு பாய். திரும்பி வரும் அன்று மகள் பஸ் நிலையத்தில் வைத்துச் சொன்னாள்.

"இங்கயே வந்துருங்கம்மா. அங்க யாரு இருக்கா ஒங்களுக்கு?"

"பிள்ளைங்க இருக்கு."

"அது ஊரு பிள்ளைங்க. இங்க ஒங்க பேத்தி இருக்கு. நா வேலைக்குத் திரும்பணும். யாருகிட்ட விடுறது இத?"

"பள்ளிக்கூடத்த விட்டுட்டு எப்பிடி வர்றது?"

"பள்ளிக்கூடத்த மூடுனா?"

"மூடுனா வாறேன்" என்றாள் பரிமளம், பஸ் கிளம்பிவிட்டதால்.

அதை மகள் சத்தியமாக எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது. சாப்பிட்டீங்களா, மழையா, மூடியாச்சா. இந்த மூன்று கேள்விதான், இதே வரிசையில்.

திரும்பி வந்ததும் அங்கம்மாவிடம் கேட்டாள். "ஏழு எழுதியாச்சா?"

"எழுதியாச்சு டீச்சர். ஒரு பிள்ள விடாம எழுதுச்சு. என்னமா எழுதுச்சுங்க!"

தூளில் எழுதியது. தட்டைக் குலுக்கியாயிற்று, சாட்சி இல்லை. பரிமளம் எட்டாம் கதவுக்குப் போனாள். பிறகு ஒன்பது. பிறகு பத்து. பத்தாம் வாரம் முடிந்தபோது ஒன்றிலிருந்து பத்துவரை சேர்த்து எழுத வைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். திங்கட்கிழமை தொடங்கலாம்.

அந்தத் திங்கட்கிழமை காலை கண்டியிலிருந்து ஸக்கியா மிஸ் வந்து இறங்கினார்.

முன்பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரி அவர். த்ரீவீலர் பாலத்தோடு நின்றுவிட்டதால் மீதித் தூரம் ஏறி வந்திருந்தார். ஒரு கையில் கோப்பு, மறு கையில் செருப்பு, வலது காலில் ஓர் அட்டைப்பூச்சி. அங்கம்மா சவர்க்காரத் துண்டைத் தேய்த்து அட்டையை உதிர்த்துவிட்டாள்.

"குடிச்சிட்டுத்தான் மிஸ் விழுந்திருக்கு" என்றாள் ஆறுதலாக.

ஸக்கியா மிஸ் கதிரையில் உட்கார்ந்தார். ஒழுகும் மூலைகளைப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியுமான்னு தெரியல டீச்சர். வத்தேகம டவுன்ல பெரிய முன்பள்ளி ஒண்டு தொறந்தீக்கி. இங்கீந்து வேன் வெச்சுப் புள்ளகள அங்க அனுப்பேலும்னு மேலெடத்துல பேச்சு. இந்த எடம் தேவையா இல்லையான்னு நான் ரிப்போர்ட் எழுதணும்."

"தேவை மிஸ்."

"அத நீங்க சொல்லக் கூடாதே. புள்ளகள் சொல்லணும். ஒண்டுலீந்து பத்து வரைக்கும் எழுதட்டும் பாப்போம்."

பதினொரு கொப்பி திறந்தது. பதினொரு பென்சில் நாக்கில் நனைந்தது. பரிமளம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இருமினார்கள், மூன்று முடிந்தது என்று தெரிந்தது. குரைத்தார்கள். ஸக்கியா மிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐந்து மிஸ்" என்றாள் பரிமளம்.

எழுதி முடித்த முதல் கொப்பி எட்டாம் வீட்டு ராக்கம்மாவின் கடைசி மகன் தினேஷுடையது. ஸக்கியா மிஸ் அதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது என்னா மகன்?"

"ஏழு மிஸ்."

"இதா ஏழு?"

"ஆமா மிஸ். இது வளையம். இது சாவி போடுற ஓட்டை."

பக்கத்தில் இருந்த ஹம்ஷிகா கழுத்தை நீட்டினாள். "தினேஷ் பிழை மிஸ். ஓட்டை கீழ வரணும். அவன் நடுவுல போட்டிருக்கான்."

பதினொரு கொப்பியிலும் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு பூட்டு தொங்கியது. சிலது சின்னப் பூட்டு, சிலது பெரியது. ஹம்ஷிகாவுடையதில் சாவி ஓட்டைக்கு நிழல்கூட இருந்தது. ஒரு பிழையைப் பதினொரு பேரும் பிசகில்லாமல் செய்திருந்தார்கள்.

"எங்க படிச்ச இத?" என்று ஸக்கியா மிஸ் கேட்டார்.

"டீச்சர் வீட்டுல" என்றார்கள் பதினொரு பேரும்.

பரிமளத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஏழாம் நம்பர் அவளுடைய வீடு. கலியாணமாகி வந்த வருடம், கோயில் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் அரைவாளி கிடைத்ததென்று செல்லப்பா கதவு முழுவதும் பூசினார். நம்பர் அதற்கு அடியில் போயிற்று. நீலக் கதவுக்கு அது தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அடையாளம் தெரிந்த கதவு. பிள்ளைகள் தினமும் பார்ப்பது அந்த நீலத்தையும், அதில் தொங்கும் பூட்டையும்தான்.

அங்கம்மா சேலைக்குப் பின்னாலிருந்து வந்தாள். "என்ன டீச்சர், தப்பா?"

"கதவுல நம்பரே இல்லியே அங்கம்மா. எப்பிடி எழுத வச்சீங்க?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு எல்லாமே படம் மாதிரித்தான். ஆறு ஒரு படம், எட்டு ஒரு படம். ஒங்க கதவுல பூட்டு தொங்குச்சு. அதான் ஏழு போலன்னு நெனச்சேன். பாத்து எழுதுங்கன்னேன். பாத்தத எழுதுச்சுங்க பாவம்."

ஸக்கியா மிஸ் வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு கோப்பை மூடினார்.

"நல்லாப் படிப்பிச்சீக்கிறீங்க டீச்சர். பதினொரு புள்ளைக்கும் ஒரே மாதிரி ஏறீக்கி. ஆனா ஏழு தெரியாத புள்ளகள நான் பாஸ் பண்ணேலாது. சித்திரைப் புது வருஷ லீவுக்கு முந்தி இன்னொருக்கா வாறேன். மூணு கெழம ஈக்கி. அப்பவும் பூட்டு தொங்கினா, வேன்தான்."

அன்று பின்னேரம் பரிமளம் தன் வாசலில் நின்று பூட்டைப் பார்த்தாள். நாலு வருடம் காலையும் மாலையும் கையில் பிடித்த சாமான். இன்றுதான் பார்க்கிறாள். ஓட்டை கீழேதான் இருந்தது. ஹம்ஷிகா சரி.

பிறகு லயத்தைப் பார்த்தாள். ஒன்றிலிருந்து பத்து வரை. மற்ற எல்லாக் கதவும் பாதி திறந்து, ஒரு கல்லோ விறகோ முட்டுக்கொடுத்துக் கிடந்தது. கொழுந்துக்குப் போனாலும் யாரோ ஒருவர் வீட்டில் இருப்பார். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டார் இருப்பார்கள். மிளகாய் வேண்டுமானால் நாலிலிருந்து ஒன்பதுக்குப் போய் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரி வந்ததும் "எடுத்தேன்" என்று சொன்னால் சரி, சொல்லாவிட்டாலும் சரி. ஒன்பதிலிருந்து வருகிறவர்கள் எட்டில் நுழைவார்கள். எட்டிலிருந்து நேராக ஆறுக்குப் போவார்கள். நடுவில் ஒரு நீலம்.

முகம் கழுவப் பீலிக்குப் போனபோது ராக்கம்மா அங்கே நின்றாள். கொழுந்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பீலித் தண்ணீரில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், ஒங்க பூட்டு கொப்பியில ஏறிருச்சாமே" என்றாள் திரும்பாமல்.

"தினேஷ் சொன்னானா?"

"அவன் மட்டுமா? லயமே சொல்லுது. மூணாம் வீட்டு மாமா சிரிச்சுச் சிரிச்சு இருமல் கூடிப்போச்சு."

"பள்ளிக்கூடத்த மூடப் போறாங்க ராக்கம்மா. மூணு வாரத்துல பிள்ளைங்க ஏழு எழுதலன்னா."

ராக்கம்மா காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "மூடுனா நீங்க போயிருவீங்களா?"

"மக கூப்புடுது."

"போங்க. அங்க பூட்டுறதுக்குப் பெரிய வீடு இருக்கும்."

பரிமளம் கையில் தண்ணீரை ஏந்தியபடி நின்றாள். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் போயிற்று. "ஏன் ராக்கம்மா இப்பிடிப் பேசுறீங்க? நா ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யல. நாந்தான் செஞ்சேன். செல்லப்பா அண்ணன் காரியம் முடிஞ்ச மறுநாளு, ஒங்க தேங்கா திருவலைய எடுத்துட்டு வந்தேன். லயத்துக்கே சோறாக்குனோமே அன்னைக்கு, எங்களது மொனை மழுங்கிப்போச்சுன்னு. கழுவித் தொடச்சு, சாயங்காலம் கொண்டாந்து வைக்கலாம்னு வந்தா, கதவுல புதுப் பூட்டு. இம்மாம் பெருசு. நா திருவலையக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். லயமே பாத்துச்சு. திருடின்னு எழுதி ஒட்டுன மாதிரி இருந்துச்சு."

"திருவலையா?" பரிமளத்துக்கு அந்தத் திருவலை நினைவு இருந்தது. அது ஒருநாள் வாசலில் இருந்தது. யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. "பூட்டு நா போடல ராக்கம்மா. இராஜகுமாரி கண்டி மார்க்கெட்ல வாங்கிட்டு வந்துச்சு. அம்மா தனியா இருக்கப் போறீங்க, கவனமா இருங்கன்னு போட்டுட்டுப் போச்சு."

"போட்டது மக. நாலு வருசமாப் பூட்டுனது யாரு?"

பரிமளம் மறுபடி தண்ணீரை ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"நீங்கல்லாம் வராததால பூட்டுனேன்" என்றாள் பரிமளம் கடைசியில். "அவரு போனதும் யாரும் வரல. தாலி அறுத்தவ வீடுன்னு வரலன்னு நெனச்சேன்."

"நீங்க பூட்டுனதால வரல நாங்க."

 ராக்கம்மா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போனபின் கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பய ஏழு படிக்கணும். அத மட்டும் பாருங்க."

மறுநாள் பரிமளம் ஆபீசிலிருந்து ஒரு டப்பியில் தார் வாங்கி வந்தாள். ஒரு குச்சி நுனியில் துணி சுற்றி, நீலத்தின் நடுவில் 7 எழுதினாள். எழுதும்போது செல்லப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாள். என்ன சொன்னாள் என்பது குச்சிக்கு மட்டும் தெரியும். தார் ஒரு கோடு கீழே வழிந்தது. அதைத் துடைத்ததில் ஏழின் கால் கொஞ்சம் தடித்துவிட்டது.

பிள்ளைகள் வந்தார்கள். விரலை வைத்து ஓட்டினார்கள். எல்லோருக்கும் விரல் கறுப்பானது. குந்தியிருந்து தூளில் எழுதினார்கள். பரிமளம் குனிந்து பார்த்தாள்.

7 இருந்தது. அதற்குக் கீழே பூட்டும் இருந்தது.

"பூட்டு வேண்டாம் கண்ணுகளா. மேல இருக்கிறது மட்டும்."

"பாத்து எழுதச் சொன்னீங்களே டீச்சர்" என்றான் தினேஷ்.

"பாத்து எழுது. ஆனா பூட்ட எழுதாத."

"அது அங்க இருக்கே டீச்சர்."

"இருக்கட்டும். பாக்காத மாதிரி இரு."

தினேஷ் யோசித்தான். பிறகு ஒரு கையால் பூட்டின் பக்கத்துக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினான். பூட்டு பாதி வந்தது.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. சாக்கை மாட்டிப் பூட்டை மறைத்தாள், சாக்கு வரைந்தார்கள். பூட்டைப் பின்பக்கமாகத் திருப்பித் தொங்கவிட்டாள். ஓட்டை இல்லாத பூட்டு வரைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டீங்களா, மழையா, மூடியாச்சா.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு" என்றாள்.

"நா புது மெத்தை வாங்கி வைக்கவா?"

"பாய் போதும்" என்று சொல்லிவிட்டு, ஏன் அப்படிச் சொன்னோம் என்று நெடுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழி இல்லை. திங்கட்கிழமை காலை கதவைச் சாத்தினாள். பூட்டைக் கையில் எடுத்தாள். வளையத்தில் மாட்டாமல் கைப்பைக்குள் போட்டாள். பை ஒரு பக்கம் சாய்ந்தது. வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை மனதில் எண்ணிப் பார்த்தாள். ஒரு ரேடியோ, செல்லப்பாவின் காக்கிச் சட்டை இரண்டு, பாண் டின், அலுமாரிக்குள் அடையாள அட்டையும் ஒரு நகைப் பெட்டியும். நகைப் பெட்டியில் நகை இல்லை, வைத்தியசாலைத் துண்டுச் சீட்டுகள். அடுப்படித் தட்டில் ஒரு தீப்பெட்டி, அலுமாரியில் புதிது இரண்டு. எதற்காகவும் யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாதென்று அவள் எப்போதும் இரண்டு அதிகமாகவே வைத்திருப்பாள்.

அன்று முதல்தடவையாகப் பிள்ளைகள் 7 மட்டும் எழுதினார்கள். ஹம்ஷிகா மட்டும் பென்சிலைத் தூக்கியபடி கேட்டாள். "டீச்சர், பூட்டு எங்க?"

"பையில இருக்கு."

"அப்ப எழுதத் தேவையில்ல" என்று முடிவு செய்தாள்.

பின்னேரம் பரிமளம் வழக்கத்தை விட வேகமாக இறங்கி வந்தாள். கதவு சாத்தியபடியே இருந்தது. ரேடியோ இருந்தது. சட்டை இருந்தது. பாண் டின்னில் காலையில் சாப்பிட்டு மிஞ்சிய அரை ராத்தல் பாண் அப்படியே இருந்தது. எல்லாம் வைத்தது வைத்த இடத்தில். நிம்மதியாக இருக்க வேண்டும். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இன்னொரு தடவை பார்த்தாள். ஒரு துரும்பும் அசையவில்லை.

செவ்வாயும் அப்படித்தான். புதனும். அடுத்த வாரமும். கதவு பூட்டாமல் கிடப்பது லயத்துக்கே தெரியும். பிள்ளைகள் சொல்லாமல் விடுவார்களா? ஆனாலும் ஒன்பதிலிருந்து வந்தவர்கள் எட்டில் நுழைந்தார்கள், எட்டிலிருந்து ஆறுக்குப் போனார்கள். காளிமுத்து ஒருநாள் வாசலில் நின்று "டீச்சர், கதவு தெறந்து கிடக்கு" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

ஸக்கியா மிஸ் சொன்னபடி வந்தார். வியாழக்கிழமை, காலையிலேயே மழை. இந்த முறை இரண்டு காலிலும் அட்டை. பதினொரு கொப்பி. இருமினார்கள். குரைத்தார்கள். ஆறுக்குப் பிறகு பென்சில்களை மறுபடி நாக்கில் நனைத்தார்கள்.  பதினொரு ஏழு வந்தது, எல்லாவற்றுக்கும் கால் கொஞ்சம் தடிப்பு.

"இதுக்கு ஏன் எல்லாரும் கால இப்பிடிக் கொழுக்க வெச்சீக்கிறாங்க?"

"தார் வழிஞ்சிருச்சு மிஸ்."

 ஸக்கியா மிஸ் பேனாவைத் திறந்து இரண்டு வரி எழுதினார். "வேன் இங்க ஏறாது டீச்சர். நானே நடந்துதான் வந்தேன். அதையும் சேத்து எழுதீக்கி." கையெழுத்து வைத்தார். "அடுத்த வருஷமும் இங்கதான் ஈப்பீங்க?"

"இருப்பேன் மிஸ்" என்றாள் பரிமளம்.

சந்தோஷத்தைச் சொல்ல அவள் திரும்பிப் பார்த்தாள். சேலைக்குப் பின்னால் அங்கம்மா ஆறு குழந்தைகளோடு தூங்கிப்போயிருந்தாள். மகளுக்குச் சொல்லலாம், ஆனால் மகளுக்கு அது சந்தோஷச் செய்தி இல்லை. பிள்ளைகளை அழைக்கத் தாய்மார் வந்தார்கள், சாக்கைப் போர்த்திக்கொண்டு மழைக்குள் போனார்கள். பரிமளம் பதினொரு கொப்பியையும் அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். பிறகு குடையை விரித்தாள்.

லயத்துக்கு வந்தபோது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினாள். ஈரச் சேலையோடு அடுப்படிக்குப் போய், தேத்தண்ணீர் வைக்கத் தட்டில் கையை விட்டாள்.

தீப்பெட்டி இல்லை.

தட்டை முழுக்கத் தடவினாள். கீழே குனிந்து பார்த்தாள். அப்போதுதான் தரை தெரிந்தது. வாசலிலிருந்து அடுப்படி வரை ஈரக் காலடி ஐந்து. அகலமான வெறுங்கால், விரலிடுக்கில் ஒட்டிய கொழுந்து ஒன்று தரையில் கிடந்தது. திரும்பிப் போன காலடி நாலு. போகும்போது அவசரம்போலும், எட்டி வைத்திருக்கிறது.

ரேடியோ இருந்தது. சட்டை இருந்தது. பாண் இருந்தது. நாலு வருடத்தில் முதல்தடவையாக அவள் வீட்டில் ஒரு சாமான் காணாமல் போயிருந்தது.

அலுமாரியில் புதுத் தீப்பெட்டி இரண்டு இருந்தன. பரிமளம் அலுமாரிப் பக்கம் போனாள். சாவியில் கை வைத்தாள். கையை எடுத்துவிட்டாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, தாழ்வாரத்தில் ஒழுகும் தண்ணீருக்கு ஒதுங்கி, எட்டாம் நம்பர் வாசலில் போய் நின்றாள்.

உள்ளே அடுப்பு எரிந்தது. ரொட்டி வாசம். தினேஷ் வாசலில் குந்தியிருந்து கரித்துண்டால் தரையில் எழுதிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினான்.

"அம்மா, ஏழாம் வீடு வந்திருக்கு."

ராக்கம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.

"நெருப்பு இருக்கா ராக்கம்மா?"

"ஒங்க பெட்டிதான் இருக்கு. எங்களது மழையில ஊறிப்போச்சு." புகைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு, பின்பக்கமாகவே கையை நீட்டினாள். "விறகு பூரா ஈரம். கிழிச்சுக் கிழிச்சு ரெண்டு குச்சிதான் மிச்சம். கோவிச்சுக்காதீங்க."

பரிமளம் குனிந்து வாசலைத் தாண்டி உள்ளே வந்து, பெட்டியை வாங்கிக் காதருகில் ஆட்டிப் பார்த்தாள்.

"போதும்" என்றாள்.